பூஜ்யம் பர்சென்ட்

செபாஸ்தியம்மாள் தன் முப்பத்தோரு வருட நர்ஸ் உத்தியோகத்தில் பத்தொன்பது வருடத்தைத் தீக்காய வார்டில் கழித்தார். திண்டுக்கல்லில் அவர் வேலை பார்த்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் யாரும் விரும்பி அந்த வார்டுக்குப் போனதில்லை. மேட்ரனிடம் எதிர்த்துப் பேசியவர்களை ஆறு மாதத் தண்டனையாக அங்கே அனுப்புவார்கள். இவரும் அப்படித்தான் போனார். தண்டனை முடிந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "அங்க மாமியார் தொந்தரவு இல்ல" என்பார். அவருடைய மாமியாரைப் பொறுத்தவரை அது உண்மைதான். வார்டில் கிடந்த பெண்களில் பாதிப் பேர் வந்தது மாமியார் வீட்டிலிருந்து என்பது வேறு விஷயம்.

அந்த வார்டு சுற்று வட்டாரத்துக்கு ஒரு ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரலை மையில் அழுத்துகிறவர்கள்கூட வார்டு வாசலில் நின்று, "எத்தன பர்சென்ட் நர்சம்மா?" என்று கேட்டார்கள். பிளஸ் டூ முடிவு வரும் மாதத்தில் ஊர் முழுக்க அதே கேள்விதான். வெளியே அறுபதைத் தாண்டியவன் தப்பித்தான். உள்ளே அறுபதைத் தாண்டியவர் யாரும் தப்பித்ததாகச் செபாஸ்தியம்மாளுக்கு நினைவில்லை.

கணக்கு கஷ்டமானதல்ல. ஒரு கை முழுக்க வெந்திருந்தால் ஒன்பது. ஒரு கால் பதினெட்டு. முன்னுடம்பு பதினெட்டு, முதுகு பதினெட்டு, தலையும் கழுத்தும் ஒன்பது. திட்டுத்திட்டாக வெந்தவர்களுக்கு, அவரவர் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து வைத்தால் ஒன்று. நோயாளியின் கையால்தான் அளக்க வேண்டும், நர்ஸின் கையால் அல்ல. இந்தப் பழக்கம் அவரை வீட்டிலும் விடவில்லை. கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காரும் முன் சமையல் கொட்டகைக்குப் போய், அடுப்பருகே நைலக்ஸ் சேலையில் நிற்கும் பெண்களை மேலும் கீழும் பார்ப்பார். "செபாஸ்தி அக்கா பர்சென்ட் போடுது, முந்தானைய இழுத்துச் சொருகுங்கடி" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொருகுவார்கள். அவர் சிரித்ததில்லை.

அடுத்தது ஆழம். சிவந்து எரிந்தால் மேல்தோலோடு போயிற்று. கொப்புளம் வந்து நீர் கசிந்து, காற்று பட்டாலே துடித்தால் நடுவரைக்கும். வெள்ளையாகவோ, காய்ந்த தோல் போலவோ இருந்து, முடியைப் பிடித்து இழுத்தால் வலிக்காமல் கையோடு வந்துவிட்டால் அடிவரைக்கும். கத்துகிறவரின் சொந்தக்காரர்களிடம், "கத்தட்டும், நல்லதுதான். நரம்பு உசுரோட இருக்கு" என்பார். சும்மா படுத்திருப்பவரின் சொந்தக்காரர்கள் "வலியே இல்லைங்குறாரு நர்சம்மா" என்று நிம்மதியாகச் சொல்லும்போது டிரிப்பைச் சரிசெய்வார்.

இந்த ஆழத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு மணி நேரம் கழுவ வேண்டியிருந்தது. இட்லி மாவு, பேனா மை, முட்டை வெள்ளை, பற்பசை என்று வீட்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் காயத்தில் ஊற்றிக் கொண்டுவருவார்கள். ஊற்றாத ஒரே பொருள் தண்ணீர். தண்ணீர் பட்டால் கொப்புளம் போடும் என்று பயம். ஊற்றியிருக்க வேண்டிய ஒரே பொருளும் அதுதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அவர் ஒரு தப்புச் செய்தார். அது 1991இல்.

நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டும் பெண் ஒருத்தி. கதவு சாத்திய சமையலறையில் ஸ்டவ் வெடித்தது என்றார்கள். முகமும் கழுத்தும் ஒரு கையும், அங்கங்கே சில உள்ளங்கை அளவும் சேர்த்து இருபத்திரண்டு பர்சென்ட். மதியம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் வேனில் அனுப்ப வேண்டிய மல்லிகை எவ்வளவு, யார் கட்டுவது என்று அம்மாவிடம் விவரமாகச் சொன்னாள். நேரம் போகப்போகக் குரல் கரகரத்தது. அழுததில் தொண்டை கட்டியிருக்கிறது என்று செபாஸ்தியம்மாள் நினைத்தார். "பொழைச்சுக்கிடுவாளா தாயி?" என்று கேட்ட அம்மாவிடம், "இருபத்திரெண்டுதான், கண்டிப்பா பொழைச்சுக்கிடுவா" என்றார். ஐந்து மணிக்கு அந்தப் பெண் டீ கேட்டாள். விழுங்க முடியவில்லை. ஏழு மணிக்கு இறந்துபோனாள். வெளியே வெந்தது இருபத்திரண்டு. சூடும் புகையும் உள்ளே போய் வேகவைத்த தொண்டைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அது வீங்கி வீங்கி மூடிக்கொண்டது.

அந்த அம்மா ஒன்றும் சண்டை போடவில்லை. "நீங்க சொன்னீகளே தாயி" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு, நெருப்பிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் செபாஸ்தியம்மாள் மூன்று கேள்வி கேட்டார். பேர் என்ன, எந்த ஊர், காலையில் என்ன சாப்பிட்டீர்கள். கால் மணி கழித்து மறுபடியும் அதே மூன்று. மறுபடியும் அதே. பதில் அவருக்கு முக்கியமில்லை. குரல் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். புதிதாக வந்த டாக்டர்கள், சிஸ்டருக்கு மறதி என்று நினைத்தார்கள்.

1998 ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, பழனி ரோட்டுப் பக்கம் ஒரு கழிவுப் பஞ்சு குடோனில் தீப்பிடித்தது. மில்லில் கழித்த பஞ்சை வாங்கி, தூசி தட்டி, பேல் கட்டி விற்கிற இடம். ஃபேன் மோட்டாரில் தெறித்த பொறி போதுமானதாக இருந்தது. பஞ்சு கொழுந்துவிட்டு எரிவதைவிட உள்ளுக்குள் கனன்று புகைவதுதான் அதிகம். உள்ளே மாட்டிக்கொண்டவன் ஆல்வின், பேல் தூக்குகிறவன், இருபத்தாறு வயது. எடை போடும் தங்கமுத்து வெளியே நின்றிருந்தவர். ஐம்பதை நெருங்கிய மனிதர், சித்தையன்கோட்டைக்காரர். தண்ணீர்த் தொட்டியில் கிடந்த ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி, ஆல்வின் தலையில் அதைப் போர்த்தி இழுத்துக்கொண்டு வந்தார். சாக்கு ஒன்றுதான் இருந்தது. தன் தலைக்கு ஒன்றும் போடவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்பு இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆல்வின் டெம்போவில் படுத்தபடி, கத்திக்கொண்டு வந்தான். இரண்டு கைகளும் மார்பும் வயிறும் பாதி முதுகும் வெந்து, அதன்மேல் பக்கத்து ஹோட்டல்காரர் மனமிரங்கி ஊற்றிய ஒரு குண்டான் இட்லி மாவு. கழுவியபோது கைகள் வெள்ளையாகவும், மார்பு கொப்புளமாகவும் தெரிந்தன. நாற்பத்தைந்து பர்சென்ட். தங்கமுத்து அதே டெம்போவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, தானே இறங்கி நடந்து, வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தார். மீசை நுனி கருகியிருந்தது. மற்றபடி உடம்பில் ஒரு கீறல் இல்லை.

செபாஸ்தியம்மாள் இருவரிடமும் மூன்று கேள்வி கேட்டார். ஆல்வின், "நாலு இட்டிலி, வலிக்குது சிஸ்டர், ஏதாச்சும் ஊசி போடுங்க" என்று வார்டு அதிரச் சொன்னான். தெளிவான குரல். ஈரச் சாக்கு அவன் மூக்கையும் தொண்டையையும் காப்பாற்றியிருந்தது. தங்கமுத்து, "கம்மங்கஞ்சி, வெஞ்சனத்துக்குக் கருவாடு" என்றார். அதுவும் தெளிவாகத்தான் இருந்தது.

டியூட்டியில் இருந்தவர் டாக்டர் அப்துல் ஜப்பார். நல்ல டாக்டர். ஆல்வினுடைய இரண்டு கையும் வெந்துவிட்டதால் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கணுக்காலில் கீறி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார். உடம்பிலிருந்து வெளியேறும் நீரை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஈடுகட்டாவிட்டால் சிறுநீரகம் நின்றுவிடும். டிரிப் ஏறாமல் ஆல்வினை மதுரைக்கு அனுப்புவது, பாதி வழியில் இறக்கிவிடுவதற்குச் சமம்.

மூன்றே கால் மணிக்குச் செபாஸ்தியம்மாள் வராண்டாவுக்கு வந்தார். தங்கமுத்துவின் மனைவி பேச்சாயி வந்திருந்தாள். மடியில் ஒரு வெல்லக் கட்டி, கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம். பஞ்சு வேலைக்காரர்களுக்கு அது வைத்தியம். நாள் முழுக்க மூச்சில் ஏறுகிற பஞ்சுத் தூசியை, சாயங்காலம் வெல்லமும் பழமும் தின்று தொண்டையிலிருந்து வயிற்றுக்குத் தள்ளிவிடுவார்கள். குடோன் முதலாளியே வாங்கிக் கொடுப்பார். தூசிக்குச் செய்வதைப் புகைக்குச் செய்தால் என்ன என்று அவள் நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது.

தங்கமுத்து ஒரு கடி கடித்த பழத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடித்தது வாயிலேயே இருந்தது. துண்டால் உதட்டோரத்தைத் துடைத்தார். துண்டில் ஈரம், அதில் கறுப்பு.

"பேரு?" என்றார் செபாஸ்தியம்மாள்.

"தங்கமுத்து." பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீக?"

பேச்சாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "அதான் கஞ்சின்னு அப்பவே சொன்னாராமே நர்சம்மா. மனுசன் நெருப்புல போயிட்டு வந்துருக்காரு, இப்பப் போய் கஞ்சிக் கதை கேக்குறீக."

"நீ செத்த நேரம் சும்மா இரு தாயி. அவரு சொல்லட்டும்."

தங்கமுத்து "கஞ்சி" என்றார். அது காற்றாக வந்தது. பிறகு பழத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். செபாஸ்தியம்மாள் டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கு முடி பொசுங்கியிருந்தது. நாக்கின் அடியில் கரி. வாயிலிருந்த பழத்தைத் துப்பச் சொல்லி, ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு, உள்ளே போனார்.

"சார், வெளிய இருக்குறவரை உடனே மதுரைக்கு அனுப்பணும்."

டாக்டர் நிமிரவில்லை. "எத்தன பர்சென்ட்?"

"பூஜ்யம்."

இப்போது நிமிர்ந்தார். எழுந்து வந்து பார்த்தார். ஆபரேஷன் தியேட்டரில் இருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் விரல் கிளிப்பை எடுத்துவரச் சொல்லி மாட்டினார். "தொண்ணூத்தெட்டு காட்டுது சிஸ்டர்."

"புகை ஏறின ரத்தத்தையும் அது நல்ல ரத்தம்னுதான் காட்டும்னு நீங்கதானே சார் சொன்னீக?"

அவர்தான் சொல்லியிருந்தார். தொண்டைக்குள் குழாய் இறக்கத் தெரிந்த மயக்க மருந்து டாக்டர் காலையில் மட்டும் வருகிறவர். ஆம்புலன்ஸ் ஒன்று. வாடகை வண்டி கேட்டு இரண்டு இடத்துக்குப் போன் செய்தார்கள். ஒன்று கொடைக்கானல் போயிருந்தது, இன்னொன்றில் யாரும் போனை எடுக்கவில்லை.

"நாப்பது நிமிஷம் பொறுங்க சிஸ்டர். ஆல்வினுக்கு நரம்பு கிடைச்சு டிரிப் ஏறட்டும். ரெண்டு பேரையும் ஒரே வண்டியில அனுப்பிரலாம்."

யாரும் குறை சொல்ல முடியாத யோசனை.

"நாப்பது நிமிஷத்துல அவரு தொண்டை அடைச்சிரும் சார். இருபது நிமிஷத்துக்கு முன்னால கருவாடுன்னு சொன்னாரு. இப்பக் கஞ்சிக்கே காத்துதான் வருது."

"போற வழியில அடைச்சா என்ன செய்வீங்க?"

"இங்க அடைச்சா மட்டும் என்ன சார் செய்யப்போறோம்?"

டாக்டர் ஜப்பார் கையுறையோடு நெற்றியைத் தொடப்போய் நிறுத்திக்கொண்டார். "கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஆம்புலன்ஸ் கதவருகே ஆல்வினின் அண்ணன் ஜெரோம் நின்றிருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், செபாஸ்தியம்மாள் போகும் மாதா கோயிலுக்கே வருகிறவன். தங்கமுத்துவை ஏற்றுவதைப் பார்த்ததும் வழியை மறித்துக்கொண்டான்.

"யக்கா, என்ன செய்றீக? என் தம்பி நாப்பத்தஞ்சு பர்சென்ட்டு. நீங்கதான் சொன்னீக. இவரு நடந்து வந்தாரு, உக்காந்து பழம் திங்குறாரு. இவருக்கு வண்டி, அவன் இங்கயே கெடக்கணுமா?"

"வண்டி திரும்பி வரும் ஜெரோம். அவன் அதுவரைக்கும் தாங்குவான். இவரு தாங்க மாட்டாரு."

"நம்ம கோயில் ஆளுன்னு நம்பி வந்தேன்."

"வழிய விடு."

"அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கள விட மாட்டேன்க்கா."

விட்டான். தங்கமுத்துவைப் படுக்க வைக்கவில்லை, உட்கார்த்தியே வைத்தார்கள். செபாஸ்தியம்மாள் கூடவே போனார். பேச்சாயி வெல்லக் கட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். கொடைரோட்டுக்கு அருகில், பேர் என்ன என்று கேட்டபோது தங்கமுத்து தலையை மட்டும் அசைத்தார். வாடிப்பட்டி தாண்டியதும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒரு சீட்டி கேட்டது. சமயநல்லூரில் அவர் இரண்டு கைகளாலும் மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். செபாஸ்தியம்மாள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். மதுரையில் வாய் வழியாகக் குழாய் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்ததால், கழுத்தில் துளையிட்டார்கள். அங்கிருந்த டாக்டர், இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் துளையிட அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார் என்றார்.

வண்டி திண்டுக்கல் திரும்பியபோது ஏழு மணி ஆகிவிட்டது. ஆல்வினுக்கு அதற்குள் டிரிப் ஒழுங்காக ஏறியிருந்தது, சிறுநீர் பிரிந்திருந்தது. கத்தி ஓய்ந்து, கிரிக்கெட் ஸ்கோர் கேட்டான். அவனை ஏற்றினார்கள். ஒன்பதாவது நாள் மதுரையில் இறந்தான். காயத்தில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது. நாலு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று ஜெரோம் கேட்டதற்கு, அங்கே ஒரு டாக்டர், "முன்னால வந்திருந்தாலும்..." என்று ஆரம்பித்து, யாரோ கூப்பிட்டதால் முடிக்காமல் போய்விட்டார். அந்த முடியாத வாக்கியத்தை ஜெரோம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தான்.

தங்கமுத்து பிழைத்தார். கழுத்துத் துளை மூன்று மாதத்தில் மூடியது. குரல் திரும்பவில்லை. காகிதத்தைக் கசக்குவதுபோல் ஒரு சத்தம்தான் மிஞ்சியது. குடோனுக்குப் போகாமல் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் இருந்தார். தான் பிழைத்ததற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். "அந்த ஒரு வாய்ப் பழம் தொண்டையில நின்னு, புகைய உள்ள விடாம மறிச்சிருச்சுல்ல" என்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செபாஸ்தியம்மாளுக்கு ஒரு பை வெல்லமும் ஒரு சீப்புச் சிறுமலைப் பழமும் கொண்டுவருவார். செபாஸ்தியம்மாளுக்கு அப்போது சர்க்கரை வியாதி வந்திருந்தது. உண்மையை இரண்டு முறை விளக்கிப் பார்த்து விட்டுவிட்டார். விளக்கம் முடிந்ததும் தங்கமுத்து, "இருந்தாலும் பழமும் ஒரு காரணம்ல?" என்று கேட்டார். யோசித்தால், அதுவும் தப்பில்லை. அந்தப் பழத்தை விழுங்க முடியாததால்தான் அவர் பிழைத்தார்.

ஒவ்வொரு ஜூனிலும் ஜெரோம் தம்பிக்கு ஆண்டுப் பூசை வைத்தான். சித்தையன்கோட்டையிலிருந்து தங்கமுத்துவைத் தன் ஆட்டோவிலேயே கூட்டிவந்து முதல் வரிசையில் உட்கார வைப்பான். எப்போது மண்டியிட வேண்டும் என்று தெரியாமல் அவர் பூசை முழுக்க நின்றுகொண்டே இருப்பார். பிறகு வீட்டில் சாப்பாடு. செபாஸ்தியம்மாளுக்கு அழைப்பு இல்லை. வண்டியில் போனவரை ஜெரோம் மன்னித்துவிட்டான். வண்டியில் ஏற்றியவரை மன்னிக்க அவனால் முடியவில்லை. கோயிலில் வருகிற எல்லாப் பூசைக்கும் வருவதுபோல் அவர் அந்தப் பூசைக்கும் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

2004இல் ஓய்வு பெற்றார். இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் காலை பஸ் ஸ்டாண்டு எதிரே காய்கறிப் பையோடு நின்றிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஜெரோம். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

"ஏறுங்கக்கா."

எட்டு வருடத்தில் பேசிய முதல் வார்த்தை. அவர் ஏறினார். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டான்.

"அன்னைக்கு அவன முதல்ல அனுப்பியிருந்தா பொழைச்சிருப்பானாக்கா?"

செபாஸ்தியம்மாள் பையை மடியிலிருந்து எடுக்கவில்லை. நாற்பத்தைந்து பர்சென்ட், இரண்டு கையும் அடிவரைக்கும் வெந்தது, அந்தக் காலத்து மருந்துகள். எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த மாதிரி நாற்பத்தைந்துகளில் பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறார், செத்தவர்களையும் பார்த்திருக்கிறார்.

"தெரியல ஜெரோம்."

"பொழைச்சிருக்க மாட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா என்னக்கா? எனக்குத் தூக்கம் வரும்."

"சொல்லலாம்."

"சொல்லுங்க."

"நிலக்கோட்டை அம்மா ஒருத்திக்கு அந்த மாதிரி ஒரு வார்த்தை சொன்னேன், தொண்ணூத்தொண்ணுல. நல்லாத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே பொய்யாப் போச்சு. அதுக்கப்புறம் யாருக்கும் சொல்றதில்ல."

ஜெரோம் இறங்கி, பையை வாங்கி வாசற்படியில் வைத்தான். தக்காளி ஒன்று உருண்டது. அதை எடுத்துப் பைக்குள் போட்டான்.

அடுத்த ஜூனிலும் அழைப்பு வரவில்லை. செபாஸ்தியம்மாள் வழக்கம்போல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். முதல் வரிசையில் தங்கமுத்து நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் செபம் சொன்னபோது அவரும் எதையோ உதடசைத்துச் சொன்னார். அவ்வளவு பேர் குரலுக்கு நடுவே அந்தக் காகிதச் சத்தம் செபாஸ்தியம்மாளுக்குத் தனியாகக் கேட்டது. மாறாமல் அப்படியே இருக்கிறதா என்று பூசை முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.